இடது பக்கம், தாழ்வாக

பாப்பா,

நீ ஏறின பஸ் மாட்டுத்தாவணியை விட்டு வெளியே திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வந்துவிட்டேன். கோச்சடையில் இன்றைக்கு வெயில் கடுமை. மருந்து வாங்க வருகிறவர்கள்கூடக் குறைவு. உங்கம்மா உள்ளே புதிதாக வந்த சரக்கைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள், நான் கல்லாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டில் நாம் என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். சார்ஜர் எடுத்தாயா, தண்ணீர் எடுத்தாயா, அந்த ஜன்னலில் வெயில் அடிக்கும், இந்தப் பக்கம் மாறி உட்கார், தஞ்சாவூரில் இறங்கியதும் போன் செய். அவ்வளவுதான். சொல்ல நினைத்தது வேறு. உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். பெற்ற மகளிடம் நன்றி சொல்கிற பழக்கம் நம் வீட்டில் கிடையாது. போனில் சொன்னால் நீ பயந்துபோய் உங்கம்மாவைக் கூப்பிட்டு, அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை நீ அந்தத் தஞ்சாவூர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் கழுத்தில் விசிலோடு நிற்பாய். மகள் முதல் வேலைக்குப் போகும்போது அப்பா நாலு புத்தி சொல்லி அனுப்ப வேண்டும் என்பார்கள். விளையாட்டில் உனக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை, நான் உன்னிடம் கற்றுக்கொண்டவன். அதனால் நடந்ததைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ கோலுக்குள் நின்று பார்த்தாய், நான் இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். என் பக்கத்துக் கதையை நீ கேட்டதில்லை.

உன் விளையாட்டின் பெயரே எனக்கு வெகுகாலம் வாயில் நிற்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் என் மகள் வாலிபால் ஆடுகிறாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நீ பொறுமையாக உட்காரவைத்து விளக்கினாய். வலைக்கு மேல் தட்டுவது வாலிபால். ஹேண்ட்பாலில் பந்தைக் கையில் பிடித்து, ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டே ஓடி, கோலில் எறிய வேண்டும். கால்பந்தைக் கையால் ஆடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றாய். தலையாட்டினேன். மறுநாளும் வாலிபால் என்றே சொன்னேன். நீ அதற்குமேல் திருத்தவில்லை. சாயங்காலம்தான் மருந்துக் கடைக்கு வியாபார நேரம் என்பதால், பள்ளியிலும் கல்லூரியிலும் நீ கோல்கீப்பராக நின்ற ஒரு ஆட்டத்தைக்கூட நான் பார்த்ததில்லை. நீ கொண்டுவந்த கோப்பைகளை உங்கம்மா துடைத்து டிவிக்கு மேலே வைப்பாள். எனக்குத் தெரிந்த ஹேண்ட்பால் அதுதான்.

கல்லூரி இரண்டாம் வருஷம் திண்டுக்கல்லில் நடந்த ஆட்டத்தில் உன் இடது முழங்கால் திருகிக்கொண்டது. ஜவ்வு அறுந்துவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் கஷ்டமாக இருந்தன. உங்கம்மா அழுதாள், இந்த விளையாட்டே வேண்டாம் என்றாள். நீ அழவில்லை, மறுத்துப் பேசவுமில்லை. பேசுவதையே நிறுத்திவிட்டாய். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் சுவரைப் பார்த்தபடி செய்தாய். சாப்பாட்டுத் தட்டோடு அறைக்குள் போனாய். நான் கதவருகே வந்து நிற்பேன். மாத்திரை போட்டாச்சா என்று கேட்பேன். போட்டாச்சு என்பாய். அதற்கடுத்து என்ன கேட்பது என்று எனக்குத் தெரியாது. இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கும் மகளிடம் பேச எனக்கு ஒரு விஷயம்கூட இல்லை என்பது அந்தக் கதவருகே நின்றபோதுதான் உறைத்தது.

மெதுவாக மைதானத்துக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னபோது, நீ ஸ்கூட்டி ஓட்டக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். அதனால் நான் கொண்டுபோய் விடுவது என்று ஆனது. கடையை உங்கம்மா பார்த்துக்கொண்டாள். விராட்டிபத்து, அச்சம்பத்து தாண்டி நாகமலை புதுக்கோட்டைவரை பின்னால் நீ உட்கார்ந்து வருவாய், ஒரு வார்த்தை இருக்காது. மைதானத்தில் உன் கல்லூரி அணி ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருக்கும். நீ எதிர்ப்பக்கக் கோலில் தனியாக நின்று கையைத் தூக்கி, காலை நகர்த்தி, பந்து இல்லாமலே பழகுவாய். நான் மரத்தடியில் உட்கார்ந்து போனைப் பார்ப்பேன். அப்படி ஒரு நாளில், அணி முழுக்க வெளியூர் போட்டிக்குப் போயிருந்தபோது, நீ கோலில் இருந்தபடியே கூப்பிட்டாய்.

“அப்பா, சும்மாதான உக்காந்திருக்கீங்க. அந்தப் பந்தை எடுத்து எறிங்களேன்.”

எடுத்தேன். சிறு வயதில் எங்கள் ஊர்க் கம்மாய்க்கரையில் புளியங்காய்க்குக் கல் எறிந்த கை, அது போதும் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிவந்து முழுப் பலத்தோடு எறிந்தேன். பந்து கோலுக்குப் போகவில்லை. கையைவிட்டு நழுவிப் பக்கவாட்டில் பறந்து, நம் வண்டியின் கண்ணாடியில் பட்டு அதைத் திருப்பிவிட்டது. எனக்கு வெட்கமாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். நீ கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாய். நிற்க முடியாமல் குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எத்தனையோ மாதம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன் பாப்பா. இன்னொரு தடவை எறியட்டுமா என்று கேட்டேன். நான் ஹேண்ட்பால் ஆட வந்த காரணம் இதுதான். உடம்பைக் குறைக்க வந்தேன் என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அணி ஊர் திரும்பியதுமே நீ என்னை ஜெயந்தி மேடத்திடம் ஒப்படைத்துவிட்டாய். உங்கள் கல்லூரிப் பயிற்சியாளர் அவர். ஞாயிற்றுக்கிழமை காலையில், விளையாட ஆசைப்படும் வெளியாட்களையும் சேர்த்துக்கொண்டு அதே மைதானத்தில் ஆடவைப்பார். மகள் வயதில் இருக்கும் இரண்டு டீச்சர்கள், ஒரு தச்சர், செல்போன் கடை பாண்டி, எல்லாரிலும் மூத்தவனாக நான். பந்தை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து தொடங்கினோம். நான் நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பேன். குழந்தையையா வாங்குகிறீர்கள் சார், விரல்களை விரித்து முகத்துக்கு முன்னால் பிடியுங்கள் என்பார் மேடம். எறியும்போது முழங்கை தோளுக்கு மேலே இருக்க வேண்டும் என்பது என் தலைக்குப் புரிந்தது, தோளுக்குப் புரியவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிதான் எடுக்கலாம். அதற்குமேல் தரையில் தட்ட வேண்டும், அல்லது யாருக்காவது கொடுக்க வேண்டும். என் கால் எப்போதும் நாலாவது அடியையும் எடுத்துவிடும். விசில் அடிக்கும். அந்த மைதானத்தில் எனக்காக அடித்த விசில் மாதிரி வேறு யாருக்கும் அடித்திருக்காது.

வீட்டுக்கு வந்தால் தோளைத் தூக்க முடியாது. கடையில் இருக்கிற தைலமெல்லாம் உங்க தோளுக்கே தீர்ந்துவிடும் போலிருக்கிறது என்று உங்கம்மா முணுமுணுத்துக்கொண்டே தேய்த்துவிடுவாள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் பேச்சு வந்துவிட்டது. இன்றைக்கு ஏன் அந்தப் பந்து வெளியே போனது என்று நான் கேட்பேன். நீ தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து, சாதம் ஒட்டிய கையோடு தோளைத் திருப்பிக் காட்டுவாய். கோலுக்கு முன்னால் இருக்கும் வளைவுக் கோட்டை மிதிக்கக்கூடாது, ஆனால் வெளியிலிருந்து எம்பி, காற்றில் இருக்கும்போதே எறிந்துவிட்டு உள்ளே விழலாம் என்பதை நீ ஹாலில் எம்பிக் காட்டப்போக, உங்கம்மா காலு காலு என்று பதறியது ஞாபகம் இருக்கிறதா? கடையில் எல்லா வேலையையும் நானே இழுத்துப்போட்டுச் செய்து பழகியவன், பந்தையும் அப்படியே வைத்துக்கொள்வேன். பாண்டி ஒருநாள் சலித்துப்போய், அண்ணே, நாங்களும் வெளையாடத்தாண்ணே வந்திருக்கோம் என்றான். அதற்குப் பிறகுதான் பக்கத்தில் யார் ஓடிவருகிறார் என்று பார்க்கத் தொடங்கினேன். அந்த மாதம்தான் கடைச்சாவி ஒன்றை உங்கம்மாவுக்கும் செய்து கொடுத்தேன். அவள் எத்தனை வருஷமாகக் கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் உசிலம்பட்டிப் பக்கமிருந்து உங்கம்மாவின் சொந்தத்தில் ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், மாப்பிள்ளைக்கு நிலையான வேலை. நீ படிப்பை முடிக்கட்டும், பேசி மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று வந்தார்கள். எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா காபியைக் கீழே வைத்துவிட்டு உங்கம்மாவிடம் கேட்டார்கள்.

“கால்ல அடிபட்டுச்சுன்னு சொன்னாக. பொண்ணு இப்ப வெளையாட்டையெல்லாம் விட்டுருச்சுல்ல?”

உங்கம்மா என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீ அடுப்படி வாசலில் நின்றிருந்தாய், உன் முகத்தை நான் பார்க்கவில்லை. என் வலது கை விரலில் அந்த வாரம் பந்து பட்டு வீங்கியதற்குக் கட்டுப் போட்டிருந்தேன். அந்தக் கையைத் தூக்கிக் காட்டினேன்.

“எங்க விட்டுச்சு. இப்ப நானும் அதுகூடச் சேந்து ஆடுறேன்.”

வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு மெதுவாக நிறுத்தினார்கள். பிறகு அவர்களிடமிருந்து தகவல் வரவில்லை. அன்று முழுக்க உங்கம்மா என்னிடம் பேசவில்லை. ராத்திரி விரல் கட்டை மாற்றும்போதுதான், இம்புட்டு வயசுல அம்புட்டுப் பிடிச்சுப்போச்சா அந்த விளையாட்டு என்று கேட்டாள். பிடிச்சுப்போச்சு என்றேன். எனக்கே இப்படி என்றால் அவளுக்கு எப்படி இருக்கும் என்றேன்.  மறுநாள் உங்கம்மா உன் முழங்கால் உறையைத் துவைத்து மாடியில் காயப்போட்டிருந்தாள். நீ அதைக் கவனித்தாயா என்று தெரியாது.

இனி அந்த டீக்கடை விஷயத்துக்கு வருகிறேன். நீ கல்லூரி அணியோடு முழுப் பயிற்சிக்குத் திரும்பி ஒரு மாதம் இருக்கும். நானும் ஓரளவு குறிபார்த்து எறியப் பழகியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கும் நீதான் கோலில் நின்றாய். யாரும் வாய்விட்டுப் பேசிவைக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் உனக்கு வலது பக்கமாகவே எறிந்தோம். இடது பக்கம் தாழ்வாக வரும் பந்தைத் தடுக்க வேண்டுமென்றால் நீ இடது காலை அகல நீட்டி, அந்தக் காலிலேயே இறங்க வேண்டும். அதை நீ தவிர்ப்பதும் எங்களுக்குத் தெரிந்தது, நாங்கள் தவிர்ப்பதும் உனக்குத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது அச்சம்பத்தில் டீ குடிக்க நிறுத்தினேன். நீ கிளாசை வாங்கிக் கையில் வைத்திருந்தாய், குடிக்கவில்லை.

“எல்லாரும் எனக்குப் பிச்சை போடுறீங்க,” என்றாய். “நீங்களும்தான்ப்பா.”

வலித்துவிடுமே என்று பார்த்தேன் பாப்பா என்றேன்.

“வலிச்சா நான் சொல்லுவேன். எனக்கு வலிக்கும்னு நீங்களா ஏன் முடிவு பண்றீங்க? எனக்கே பயமாத்தான் இருக்கு. ஆனா யாராச்சும் அங்க எறிஞ்சாத்தான எனக்கு அந்தப் பயம் போகும்.”

டீக்கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். உன்னிடம் சரி என்று சொல்லக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. நீ பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னதே அதுதான் முதல் தடவை. சின்ன வயதில்கூட இருட்டுக்குப் பயந்தால் உங்கம்மாவிடம்தான் ஓடுவாய்.

பொங்கல் விடுமுறை முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயந்தி மேடம் ஒரு ஆட்டம் வைத்தார். உங்கள் கல்லூரிப் பெண்கள் அணிக்கும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும். அடுத்த வாரம் பல்கலைக்கழக அணிக்கு ஆள் தேர்வு இருந்தது. உன்னை அனுப்பலாமா என்று மேடம் அன்றைக்குத்தான் முடிவு செய்யப்போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். உங்கம்மா கடையை அடைத்துவிட்டு வந்து மரத்தடியில் நின்றாள். நாங்கள் தோற்பது ஆரம்பத்திலேயே முடிவாகிவிட்டது. உங்கள் பெண்கள் எங்களுக்கு இடையில் புகுந்து புகுந்து போனார்கள். இரண்டாம் பாதியில் பாண்டி எனக்கு ஒரு பந்து கொடுத்தான். மூன்றே அடி எடுத்து எம்பினேன். உன் தோழி ஒருத்தி காற்றிலேயே என் கையைப் பிடித்து இழுக்க, அப்படியே தரையில் விழுந்தேன். மேடம் ஏழு மீட்டர் எறி கொடுத்தார். கோலுக்கு நேரே ஏழு மீட்டரில் நான், எனக்கு எதிரே நீ, நடுவில் யாரும் இல்லை. அண்ணே, நீங்களே எறிங்க என்று பாண்டி பந்தை என் கையில் திணித்தான்.

விசில் அடித்தபின் யோசிக்க நேரம் கிடையாது, மூன்று விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். முன்காலைத் தரையிலிருந்து எடுக்கவும் கூடாது. நீ கையைத் தூக்கிக்கொண்டு நின்றாய். உன் கண் என் தோளில் இருந்தது. எங்கே எறியப் போகிறேன் என்பதை என் தோள் முன்கூட்டியே சொல்லிவிடும் என்று நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். மரத்தடியில் உங்கம்மா நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. வலது பக்கம் எறிந்தால் நீ சுலபமாகத் தடுப்பாய், எல்லாரும் கைதட்டுவார்கள், மேடமும் உன்னை அனுப்பிவைப்பார். நான் உன் இடது பக்கம், தாழ்வாக, என்னிடம் இருந்த பலம் முழுவதையும் போட்டு எறிந்தேன். அதுவரை நான் எறிந்ததிலேயே அதுதான் நல்ல எறி. பந்து கையைவிட்டுப் போனதும் ஐயோ என்று இருந்தது.

நீ வலது காலால் உந்தி இடது காலை நீட்டினாய். முழுக்க நீட்டி, தரையோடு தரையாக இறங்கினாய். பந்து உன் கணுக்காலில் பட்டு, கோலுக்குள் போகாமல் வளைவுக் கோட்டுக்குள்ளேயே விழுந்தது. நீ எழுந்திருக்கவில்லை. தலை குனிந்திருந்தது, ஒரு கை முழங்காலில் இருந்தது.  உங்கம்மா சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரத் தொடங்கிவிட்டாள். நானும் உன்னை நோக்கி ஒரு அடி வைத்தேன். அப்போது நீ எழுந்தாய். என்னைப் பார்க்கவே இல்லை. பந்தை எடுத்து, என் தலைக்கு மேலே, மைதானத்தின் அந்தக் கோடிவரை ஒரு எறி எறிந்தாய். அங்கே தனியாக ஓடிக்கொண்டிருந்த உன் தோழி அதை வாங்கி எங்கள் கோலில் போட்டுவிட்டாள். நான் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணே, திரும்பி ஓடுங்கண்ணே என்று பாண்டி கத்தியது கோல் விழுந்த பிறகுதான் எனக்குக் கேட்டது.

ஆட்டம் முடிந்து கை கொடுக்க வரிசையில் வந்தபோது நீ என் கையைப் பிடித்து, நல்லா எறிஞ்சீங்கப்பா என்றாய்.  அந்த வருஷம் பல்கலைக்கழக அணியில் உன்னை இரண்டாவது கோல்கீப்பராகத்தான் எடுத்தார்கள்; பெரும்பாலும் வெளியே உட்கார்ந்தாய். அடுத்த வருஷம் உடற்கல்விப் படிப்பில் சேர்ந்தபோது நீதான் முதலில் இறங்கினாய். அந்தப் படிப்பையும் முடித்தாய், இப்போது வேலையும் வாங்கிவிட்டாய். எல்லாம் நீ பட்ட பாடு. இதில் என் பங்கு ஒரே ஒரு பந்து. அதையும் எறியச் சொன்னது நீதான்.

இதற்குத்தான் நன்றி சொல்ல நினைத்தேன். மரத்தடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவனை எழுப்பிக் கையில் பந்தைக் கொடுத்தாய். தப்புத் தப்பாக எறிந்தபோது, போதும்ப்பா என்று சொல்லாமல் மறுபடி எறியச் சொன்னாய். உன் பயத்தை என்னிடம் சொன்னாய். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவனுக்குப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளவும், அதில் மோசமாக இருக்கவும், அதைப் பார்த்துச் சிரிக்கப் பக்கத்தில் ஒரு பிள்ளை இருக்கவும் வாய்ப்பது சாதாரணமில்லை. எனக்கு வாய்த்தது. வாரம் முழுக்க மருந்துச்சீட்டுகளைப் படிக்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் இருக்கிறது, அங்கே அண்ணே என்று கூப்பிட ஆட்கள் இருக்கிறார்கள். அது நீ கொடுத்தது.

இனி உன்னிடமும் புதிதாகப் பிள்ளைகள் வருவார்கள். பந்தைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள், நாலாவது அடி எடுக்கிறவர்கள், பக்கவாட்டில் எறிகிறவர்கள். உன் அணிக்கு ஆக மாட்டார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தாலும் அவர்களுக்கும் பந்து போகட்டும். முழங்கால் பயிற்சியை வேலைச் சலிப்பில் விட்டுவிடாதே. மருந்துக்கடைக்காரனாகவும் சொல்கிறேன். தனியாகச் சமைத்துச் சாப்பிடச் சோம்பலாக இருக்கும், முட்டையாவது அவித்துக்கொள். பயம் வந்தால் அன்றைக்கு டீக்கடையில் சொன்ன மாதிரி யாரிடமாவது சொல். என்னிடம் சொன்னாலும் சரி. பதிலுக்கு எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இதுவரை எழுதியதை உங்கம்மா தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். மைதானத்தில் தான் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடியதை எழுதியிருக்க வேண்டாம் என்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை தானும் என்னோடு வருகிறாளாம், சும்மா பார்க்கத்தான் என்கிறாள். நீ அலமாரியின் அடித்தட்டில் விட்டுப்போன பழைய ஷூவைக் காலையிலேயே போட்டுப் பார்த்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. அவளுக்குச் சரியாக இருக்கிறதாம். போட்டுக்கொள்ளலாமா என்று உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னாள்.

அப்பா